நுள்ளு சாரின் காந்த வில்லை

பார்வதிபுரம் தாண்டி, வில்லுக்குறி போகும் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. பஸ்கள் ஹாரன் அடித்துக் கூப்பிட்டுப் பார்த்தன. நான் கை காட்டவில்லை. எந்த வேலையை விட்டுக் கிளம்பினாலும் முதல் பத்துக் கிலோமீட்டரை நடந்து தீர்ப்பது என் வழக்கம். கீரிப்பாறையில் ரப்பர் பால் எடுப்பதை விட்டபோது மலையிலிருந்து நடந்தேதான் இறங்கினேன். ஷார்ஜாவில் கட்டட வேலையை விட்டபோது மட்டும் நடக்க முடியவில்லை. நடுவில் கடல் இருந்தது.

அன்றைக்கு நடக்க நடக்கச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. எதிரே சைக்கிளில் வாழைக்குலையோடு வந்த பெரியவர் காலை ஊன்றி நிறுத்தினார்.

"என்னடே, ஒத்தைக்குச் சிரிச்சிட்டுப் போற? காலைலயே ஊத்தியாச்சா?"

"இல்ல பாட்டா. வேலைய விட்டுட்டு வாறேன்."

"வேலைய விட்டவன் இப்பிடியா சிரிப்பான்?" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

அவருக்கு எப்படித் தெரியும்? நான் விட்டுவந்தது நுள்ளு சாரை.

ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளை வரை சல்லடை போட்டுத் தேடினாலும் அப்படி இன்னொரு மனிதர் அகப்பட மாட்டார். நுள்ளு என்றால் எங்கள் பக்கத்தில் இரண்டு விரல் நுனியில் எடுக்கும் சிட்டிகை. இந்தப் பூமி சுற்றுவதே யாரோ அதில் ஒரு நுள்ளு எதையோ போட்டதால்தான் என்று நம்பியவர் அவர். அவருடைய நிஜப் பெயர் கல்லூரி வருகைப் பதிவேட்டுக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். மனைவியும் கோபம் வந்தால்தான் அதைச் சொல்லுவார்.

நாங்கள் சந்தித்தது வடசேரியில் ஒரு ஓட்டலின் பின்கட்டில். அங்கே மிக்ஸி கெட்டுப்போய் நான்கு நாளாக நான் அம்மியில் மீன்கறிக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். கை கழுவ வந்தவர் ஈரக் கையோடு அப்படியே நின்றுவிட்டார். கால்சட்டையில் தண்ணீர் சொட்டுகிறது, அவருக்குத் தெரியவில்லை.

"கை வலிக்கல்லியா மக்கா?"

"வலிச்சா தேங்கா அரையுமா சாரே?"

"நிறுத்தாம எவ்வளவு நேரம் அரைப்பே?"

"நிறுத்துன்னு சொல்லுகது வர."

பெண் பார்க்க வந்தவர் முகம் மலர்வதுபோல அவர் முகம் மலர்ந்தது. மறுநாள் காலை கல்லூரியின் சைக்கிள் ஷெட்டுக்கு அடுத்த அறையில், உள்ளங்கை அகல அகேட் கல் உரலின் முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நேரே ஆராய்ச்சிக்கூடத்தில் போய் விழுந்த வரலாறு இதுதான்.

சார் அந்தக் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். பாடம் நடத்திய நேரம் போக மீதி நேரத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. எட்டு வருடம் ஓடியிருந்தது. இன்னும் ஐந்து மாதத்தில் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, இனி ஒரு நாள்கூட நீட்டிப்பு இல்லை என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அதைச் சூளைக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்திருந்தார். "அதுக்கும் கொஞ்சம் சூடு ஏறட்டும்" என்றார்.

வேலை இதுதான். பிஸ்மத் ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு இரண்டையும் அளந்து போட்டு மணிக்கணக்கில் அரைக்க வேண்டும். பிறகு சூளையில் சுட்டு, மறுபடி அரைத்து, அழுத்தி, மாத்திரை போல வில்லையாக்கி, மறுபடி சுட வேண்டும். வருவது பிஸ்மத் ஃபெரைட். இந்த ஒரே பொருளுக்குள் மின்சார குணமும் காந்த குணமும் சேர்ந்து இருக்கிறதாம். அதனால் மல்டிஃபெரோயிக் என்று பெயர்.

"ரெண்டு குணம் இருந்தா நல்லதுதானே சாரே?" என்று கேட்டேன்.

"நல்லதுதான். ஆனா ரெண்டுமே உருப்படி இல்ல, கேட்டியா." நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டார். அவர் நாற்காலியை இழுத்தால் எழுந்து தப்பிக்க முடியாது. "இந்தப் பிஸ்மத் இருக்கான் பாரு, கல்யாண வீட்டுல சோறு முடிஞ்ச உடனே செருப்பத் தேடுகவன் மாதிரி. சூடு ஏறினா ஆவியாப் பறந்திருவான். அவன் போன இடம் ஓட்டை. கூட நிக்க ஆக்சிஜனையும் கூட்டிட்டுப் போவான், அங்கயும் ஓட்டை. பின்னே கரண்டு நிக்குமா? ஒழுகிரும்."

"காந்தம்?"

"வடம் இழுக்கது பாத்திருக்கியா? ரெண்டு பக்கமும் ஒரே பலம். வடம் அசையுமா? அசையாது. அதுக்குன்னு எவனுக்கும் பலம் இல்லன்னு சொல்ல முடியுமா? இரும்பு அணுவெல்லாம் அப்பிடித்தான், அடுத்தடுத்து நின்னுட்டு எதிரும் புதிருமா இழுக்கான். மொத்தத்துல பூச்சியம்."

"அப்போ என்னத்தச் செய்யது?"

இந்தக் கேள்விக்காகவே அவர் எட்டு வருடம் காத்திருந்ததுபோல இருந்தது. இரண்டு விரலைச் சேர்த்து என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"ஒரு நுள்ளு."

அலமாரியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். லாந்தனம். கொஞ்சம் பிஸ்மத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை உட்கார வைத்தால், இது ஓடாது. பக்கத்தில் இருப்பவனையும் ஓட விடாது. ஒழுக்கு குறையும். வரிசையாக இழுத்துக்கொண்டிருந்த இரும்புக்காரர்களின் நிற்பும் கொஞ்சம் கோணும், வடம் துளி அசையும். இதற்குப் பெயர்தான் டோப்பிங். "ஆனா அளவு தாண்டினா வீட்டோட கட்டுமானமே மாறிப்போகும். மின்சார குணம் செத்திரும். அதனால நுள்ளு, மக்கா. அள்ளு இல்ல." பிறகு குப்பியைத் தடவிக்கொண்டே, "இது எங்கயோ வெளிநாட்டுல இருந்து வருது. ஆனா பாத்தியா, நம்ம கடற்கரை மண்ணுலயே லாந்தனம் இருக்கு" என்றார்.

நம்ம கடற்கரை என்றதும் எனக்குப் பெருமையாக இருந்தது. நான் கடலோரத்து இனயத்துக்காரன். அந்தப் பெருமைதான் பின்னால் வில்லங்கம் ஆனது.

நுள்ளு அறைக்குள் மட்டும் நிற்கவில்லை. கல்லூரிக்கு எதிரே டீக்கடையில் அவர் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து டீயில் ஒரு நுள்ளு உப்புப் போடுவார். கடைக்காரர் ஒரு நாள் பொறுமை இழந்தார்.

"சாரே, இது எனக்க டீயா, ஒங்களுக்க டீயா?"

"பால் ஒனக்க, தூளு ஒனக்க, நுள்ளு எனக்க."

அவருடைய சர்ச்சில் பாட்டுக் குழுவுக்கும் அவர்தான் பொறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீச்சென்று பாடும் பெண்கள் வரிசையின் நடுவில் தபால் ஆபீஸ்காரர் ஒருவரை நிறுத்தினார். அந்த மனிதருக்குக் கட்டைக் குரல். பாடினால் பெஞ்சு அதிரும். நான் கத்தோலிக்கன், ஆனாலும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். பாட்டுக்கு முதுகெலும்பு முளைத்ததுபோல இருந்தது. சபையே திரும்பிப் பார்த்தது. சாருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிறு மூன்று கட்டைக் குரல்களை உள்ளே விட்டார். இரண்டாவது அடியில் அது எந்தப் பாட்டு என்பதே தெரியாமல் போயிற்று.

போதகர் வெளியே கூப்பிட்டு, "எந்தக் குரல எங்க வைக்கணும்ன்னு கர்த்தருக்குத் தெரியாதா சாரே?" என்று கேட்டார்.

"அளவு தாண்டிட்டேன் ஐயா. அடுத்த வாரம் ஒண்ணரை போட்டுப் பாக்கலாமா?"

இப்படிப்பட்டவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. உரல் சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு தூசி கூடாது. ஆசிட் விட்டுக் கழுவி, தண்ணீர் விட்டு அலசிக் காயவைக்கச் சொன்னார். சொன்னபடி செய்தேன். ஆனால் எனக்குத் திருப்தி இல்லை. ஆசிட் கறையை எடுக்கும், பளபளப்பைத் தருமா? எங்கள் இனயத்தில் மீன் சட்டியோ குழம்புப் பானையோ, கடற்கரை மணலும் தேங்காய்த் தொண்டு நாரும் வைத்துத் தேய்த்தால்தான் சுத்தம் என்று பெயர். அதிலும் மழைக்காலத்துக்குப் பிறகு அலை கொண்டுவந்து போடும் கருமணல் இருக்கிறதே, அது தேய்த்தால் அலுமினியம் வெள்ளியாகும். சனிக்கிழமை ஊருக்குப் போகும்போது ஒரு பாட்டில் நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். சார் வகுப்புக்குப் போனதும் அறையைச் சாத்திக்கொண்டு உரலையும் குழவியையும் தேய் தேய் என்று தேய்த்துத் துணியால் துடைத்துவைத்தேன். பிறகு ஒவ்வொரு அரைப்புக்கு முன்னாலும் அதேதான். உபாயத்தைச் சொல்லவில்லை. தொழில் ரகசியம்.

"ஒரலு எப்பிடி மின்னுது பாத்தியா!" என்று சார் வியந்தார். நான் அடக்கமாகத் தலை குனிந்தேன்.

அடுத்த வாரம் அது நடந்தது.

சூளையிலிருந்து வில்லைகளை எடுத்து ஆறவைத்ததும், பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய ஒரு காந்தத்தை அவற்றின் பக்கத்தில் கொண்டுபோவது சாரின் வழக்கம். எட்டு வருடமாக ஒரு வில்லையும் அசைந்ததில்லை. அன்றைக்கு நான் அரைத்த வில்லை துள்ளிப் போய் டிக்கென்று ஒட்டியது.

சார் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். எடுத்து வைத்தார், மறுபடி டிக். அடுத்த நொடி அவர் அறையில் இல்லை. ஒரு கால் செருப்போடு மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தார். கால்பந்து ஆடிக்கொண்டிருந்த மாணவர்கள் பந்தை விட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினார்கள், எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து.

அவர் முட்டாள் இல்லை. உடனே சந்தேகப்பட்டார். "திரும்பவும் செய்வோம்" என்றார். நான் மறுபடி அரைத்தேன், ஒட்டியது. மூன்றாவது முறையும் ஒட்டியது. நான் வருவதற்கு முன் அவரே அரைத்துவைத்திருந்த பழைய வில்லைகளை எடுத்து வைத்துப் பார்த்தார்; அவை சும்மா கிடந்தன. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கும் எக்ஸ்ரே கருவி மாதக்கணக்கில் பழுதாகிக் கிடந்தது. ஆகவே அவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

"மூலப்பொருள் ஒண்ணு, சூளை ஒண்ணு, உரலு ஒண்ணு. வித்தியாசம் எங்க இருக்கு? ஒனக்க கையில இருக்கு மக்கா."

அதிலிருந்து என் பாடு திண்டாட்டமாயிற்று. நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினார். வலம் சுற்றா இடம் சுற்றா என்று குறித்தார். கை மாற்றக் கூடாது. மீன் சாப்பிட்ட நாள், சாப்பிடாத நாள் தனித்தனிப் பட்டியல். அரைக்கும்போது நான் வாய்க்குள் ஏதோ முனகுவேன்; அது எந்த மெட்டு என்று பாட்டுக் குழுக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து கேட்கவைத்தார். என் அரைப்பின் தத்துவம் பற்றி ஆறு பக்கம் எழுதினார். ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிய கை, ஷார்ஜாவில் பலகை அடித்த கை, ஒரு நாளும் எவரும் நல்ல வார்த்தை சொல்லாத கை. அதைப் பிடித்துக்கொண்டு அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது.

திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் காந்தத்தையும் மின் ஒழுக்கையும் அளக்கும் கருவிகள் உண்டு. அங்கே பல மாதம் காத்திருந்து ஒரே ஒரு நாள் வாங்கியிருந்தார். அந்த நாள் தவறினால் அடுத்த நாள் கிடைப்பதற்குள் சுவரில் ஒட்டிய கடிதத்தின் கெடு முடிந்துவிடும். எட்டு வருடமும் அந்த ஒரு நாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

காலை பஸ்ஸில் ஏறினோம். மூன்றடுக்குத் தூக்குவாளியில் பஞ்சு வைத்து, மேலடுக்கில் ஒட்டும் வில்லைகள், அடியடுக்கில் ஒப்பிடுவதற்குப் பழைய ஒட்டாத வில்லைகள். மடியில் வைத்துக் கட்டிப்பிடித்திருந்தார். பக்கத்தில் ஒரு ஓய்வுபெற்ற போலீஸ்காரர் இருந்தார்.

"ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டு போறியளா சாரே?"

"இல்ல. காந்தம்."

"காந்தத்த என்னத்துக்குத் தூக்குவாளியில கொண்டு போணும்?"

சாருக்கு இது போதும். மூடியைத் திறந்தார். மார்த்தாண்டம் வருவதற்குள் அந்த மனிதருக்குப் பிஸ்மத்தின் நடத்தை முழுவதும் தெரிந்துவிட்டது. "இப்போ பாருங்க" என்று என் பக்கம் கை நீட்டினார். "மக்கா, காந்தத்த எடு."

பைக்குள் கை விட்டேன். எடுத்தேன். எடுத்தது காந்தம்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அதற்கு ஒரு சாண் கறுப்புத் தாடி முளைத்திருந்தது. கம்பளிப்பூச்சி போல ஒவ்வொரு மயிரும் நிமிர்ந்து நின்றது.

"இதென்ன?" என்றார் சார்.

"மண்ணு சாரே. பாட்டில் மூடி தொறந்திட்டு."

"மண்ணு எதுக்கு?"

"தேய்க்கதுக்கு. அங்க போயும் எதையாவது தேய்க்கணும்னா..."

"எதைத் தேய்ப்பே?"

"ஒரலத்தான்."

"எந்த ஒரலு?"

"நம்ம ஒரலுதான் சாரே."

பஸ்ஸில் நாற்பது பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் எனக்கு இன்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்டது. சார் தாடியைப் பார்த்தார், தூக்குவாளியின் மேலடுக்கைப் பார்த்தார், கடைசியில் என் கையைப் பார்த்தார்.

"நீங்கதானே சொன்னிய," என்றேன், "நம்ம மண்ணுல லாந்தனம் இருக்குன்னு."

"இருக்கு மக்கா," என்றார் மெதுவாக. "இரும்பும் இருக்கே."

குழித்துறையில் அவர் இறங்கிவிட்டார். நானும் இறங்கினேன். போலீஸ்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அவன ரெண்டு சாத்து சாத்துங்க சாரே" என்று யோசனை சொல்லிவிட்டுப் போனார். பஸ் நிறுத்தத்துத் திண்டில் சார் உட்கார்ந்தார். நான் எதிரே நின்றேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று கன்னத்தை ஆயத்தமாகவே வைத்திருந்தேன். எத்தனையோ மேஸ்திரிகளிடம் வாங்கியிருக்கிறேன், அது எனக்குப் புதிதில்லை. அவர் அடிக்கவில்லை. தூக்குவாளியின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

பிறகு, "அது ஒட்டாதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். "லாந்தனம் போட்டா காந்தம் நூலளவுதான் வரும். டிக்குன்னு துள்ளாது. படிச்சிருக்கேன், பிள்ளைகளுக்குச் சொல்லியும் குடுத்திருக்கேன். தெரிஞ்சிட்டேதான் ஆசைப்பட்டேன்."

"அடியில இருக்கது?" என்றேன்.

"என்ன?"

"அடியடுக்குல இருக்கது நான் வாறதுக்கு முன்னால நீங்க அரைச்சதுல்லா. அதுல என் மண்ணு இல்லயே சாரே."

அவர் தூக்குவாளியைப் பார்த்தார். லாந்தனம் போடாதது, நூற்றுக்கு ஐந்து போட்டது, பத்து, இருபது. ஒட்டவில்லை என்று ஒதுக்கிவைத்த வில்லைகள். அடுத்த பஸ் நிற்பதற்கு முன்பே அவர் படியில் தொற்றிக்கொண்டார்.

மூன்று மணி நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்தோம். கருவியைப் பார்த்துக்கொள்ளும் மேடம் முடியாது என்றார். சார் கெஞ்சினார். நான் கெஞ்சினேன். எதற்கு இவ்வளவு தாமதம் என்று கேட்டபோது நான் தாடி வைத்த காந்தத்தை எடுத்துக் காட்டிவிட்டேன். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் கதவு திறந்தது.

லாந்தனம் போடாத வில்லைக்குக் கம்ப்யூட்டர் திரையில் ஒரு நேர்கோடு வந்தது. காந்தம் மிச்சமில்லை என்று அர்த்தமாம். ஐந்து போட்டதற்குக் கோடு லேசாகப் பிளந்தது. பத்துக்கு அது விரிந்து ஒரு கண்ணி ஆயிற்று. நெத்திலி அகலம்கூட இல்லை, ஆனால் இருந்தது. மின் ஒழுக்கும் பத்தில்தான் மற்ற எல்லாவற்றையும்விடக் குறைவு. இருபதில் சார் சொன்னபடியே மின்சார குணம் சுருங்கிப்போயிருந்தது. பாட்டுக் குழுவில் மூன்றாவது கட்டைக் குரல்.

சார் ஓடவில்லை. திரைக்கு முன்னால் குனிந்து, மூக்கு இடிக்கும் அளவுக்குப் போய்ப் பார்த்தார். "துள்ளல்ல மக்கா," என்றார். "ஆனா இது நெசம்." மேடம் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்போதுதான் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் குழித்துறை தாண்டியதும் எழுந்து நின்று, கண்டக்டரிலிருந்து கடைசி சீட்டுவரை எல்லோருக்கும் நூற்றுக்குப் பத்தின் மகிமையை விளக்கினார். இரண்டு பேர் தக்கலையிலேயே இறங்கிவிட்டார்கள். அவர்கள் டிக்கெட் நாகர்கோவிலுக்கு.

அதன் பிறகு அரைக்க எதுவும் இல்லை. எழுத்து வேலைதான். கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது ஆய்வேட்டைக் கொடுத்தார். வாய்மொழித் தேர்வுக்கு ஒரு வியாழக்கிழமை குறித்தார்கள். ஆனால் ஆய்வேட்டில் ஒரு பக்கத்தில், உரலில் மணல் புகுந்து பொய்க் காந்தம் வந்த கதையையும் எழுதியிருந்தார். கொடுப்பதற்கு முன்பே வழிகாட்டிப் பேராசிரியர் அதை எடுக்கச் சொல்லியிருந்தார். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் மிகக் கறாரானவர், இந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் சந்தேகப்படுவார், பட்டம் கைவிட்டுப் போகும் என்றார்.

"எடுக்க மாட்டேன்," என்றார் சார். "இந்தக் கடற்கரையில நாளைக்கு வேற ஒருத்தனும் இதே மாதிரி உரலத் தேய்ப்பான். அவன் ஏமாறக் கூடாதுல்லா."

தேர்வு நாள் தெரிந்த அன்று, ஆங்கிலத்தில் இருந்த அந்தப் பக்கத்தை டைப் அடித்த பெண்ணிடம் கொடுத்து எனக்குத் தமிழில் சொல்லச் சொன்னேன். என் பேர் அதில் இல்லை. உதவியாளர் என்றுகூட இல்லை. 'எனது கவனக்குறைவால்' என்று எழுதியிருந்தார்.

அடுத்த நாள் காலை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வேலை இல்லாத இடத்தில் இருந்து எனக்குப் பழக்கம் இல்லை. தக்கலை வரை நடந்தேன், பிறகு பஸ்.

மறுநாள் காலை தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலை கிடைத்தது. சம்மட்டியைக் கையில் வாங்கிய கையோடு முதலாளியிடம், வியாழக்கிழமை ஒரு நாள் லீவு வேண்டும் என்றேன்.

"சேந்து அஞ்சு நிமிசம் ஆகல்ல, அதுக்குள்ள லீவா? யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல மொதலாளி. எங்க சாருக்குப் பரீட்சை."

"அவருக்குப் பரீட்சைன்னா நீ எதுக்கு? நீ என்னத்தப் படிச்சிருக்கே?"

"ஒம்பதாங்கிளாஸ்."

"பின்னே?"

"மண்ணு யாரு போட்டதுன்னு அங்க கேப்பாவ. சார் தான்தான்னு சொல்லுவாரு. நான் எந்திச்சு நிக்கணும் மொதலாளி."

அவர் ஐஸ் கட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்ல சட்ட ஏதாவது வச்சிருக்கியா?" என்று கேட்டார்.